அலமாரிக்கு ஆறு கீல்

கடலூர் ஓ.டி.
9-1-1966

சேசு மரி சூசை துணை.

செல்வி அம்மாவுக்கு மரியலூர்து சொல்லி எழுதுவது. எழுதுகிறவர் நம் கோயில் உபதேசியார் தைரியராஜ். முப்பத்துநாலு வருஷமாக என் கடுதாசியை நீதான் எழுதினாய், எனக்கு வந்ததையும் நீதான் படித்தாய். இப்போது உனக்கே எழுத வேண்டியதாகிவிட்டது. அதனால் இவரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

நம் பெண் செல்வி பிரசவத்துக்கென்று நீ சிதம்பரம் பஸ் ஏறியது போன ஜூலை இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை. பச்சை டிரங்குப் பெட்டி, ஒரு துணிப்பை, ஒரு குடை. நாற்பது நாளில் வருகிறேன் என்றாய். அந்த நாற்பது போய் நாலு மாசம் ஆயிற்று. அக்டோபரில் உன் அண்ணனைப் பண்ருட்டியில் அடக்கம் பண்ணினபோது குழிக்கு அந்தப்புறம் நீ நின்றாய், இந்தப்புறம் நான். மண்ணைப் போட்டுவிட்டு நீ சிதம்பரம் வண்டியில் ஏறிவிட்டாய். அதைக் கேட்க இதை எழுதவில்லை.

விஷயம் அடுப்பங்கரை அலமாரி. மழையில் கீழ்க்கீல் துருப்பிடித்துப்போய், திறந்தால் கதவு கையோடு வந்துவிட்டது. உள்ளே கரையான் வேறு. தச்சு சடையப்பனைக் கூப்பிட்டுப் புதிதாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன். மரம் வாங்கவில்லை. ஜூலையில் உன் அண்ணன் லாரியில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினாரே பலாப்பலகை, அதுதான்.

மரம் சடையப்பன் பாடு. கீலும் பிடியும் கொண்டியும் என் பாடு. நாற்பது வருஷம் இரும்புக்கடையில் நின்றவன். டப்பா மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது, ஆனால் ஸ்குருவை விரலால் தடவி நம்பர் சொல்வேன். இருந்தாலும் அந்த இடத்தில் நின்று புழங்குகிறவள் நீ. கதவு ஒன்றா இரண்டா? கீல் பித்தளையா இரும்பா? இழுக்கக் குமிழ் வைக்கவா, பிடி வைக்கவா? பழையதில் கெடாமல் இருப்பது பூட்டு ஒன்றுதான். சாவி வழக்கம்போல் என் இடுப்பில்.

சோறு ஆக்கிக்கொள்கிறேன். எவ்வளவு கொஞ்சமாகப் போட்டாலும் மிஞ்சுகிறது. பக்கத்து வீட்டு குப்பு மீன் குழம்பு கொடுக்கிறாள். கொடுக்கும்போதெல்லாம் "என்னா மாமா, அத்த எப்ப வருது?" என்கிறாள். குழம்பை வாங்காமல் இருக்கலாம் என்று பார்க்கிறேன்.

இடது பெருவிரல் நாட்டு: மரியலூர்து


சிதம்பரம்
16-1-1966

செல்வி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உபதேசியார் கையெழுத்து நன்றாயிருக்கிறது. பெருவிரல் மைதான் இன்லண்டு முழுவதும் தடவியிருக்கிறது.

நாற்பது வருஷம் கீல் விற்றவர் என்னைக் கேட்கிறீர்கள். கேட்டதற்குப் பதில்: கதவு இரண்டு இருக்கட்டும். ஒற்றைக் கதவைத் திறந்தால் அடுப்புக்கு நான் போகிற வழியை மறிக்கும். முப்பத்துநாலு வருஷம் சுற்றிப் போனேன். கீல் பித்தளை. கடல்காற்றுக்கு இரும்பு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். குமிழ் வேண்டாம். மீன் கழுவின கையில் குமிழ் வழுக்கும். நாலு விரலும் உள்ளே போகிற மாதிரிப் பிடி வையுங்கள். அடிக்கடி எடுக்கிற சாமானுக்குக் கீழ்த்தட்டு. வலது தோள் இப்போது மேலே தூக்க வருவதில்லை.

இதையெல்லாம் யாருக்காகக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வருவதாகச் சொல்லவில்லை. செல்வியின் பிள்ளைக்கு ஐந்து மாசம் ஆகிறது. மாப்பிள்ளை ஞானசேகரன் யுனிவர்சிட்டி ஆபீசுக்கு ஒன்பதுக்கே கிளம்பிவிடுகிறார். இங்கே எனக்கு வேலை இருக்கிறது. சாயங்காலம்தான் வேலை இருக்காது. அப்போது வாசலில் நிற்பேன். தெருவில் யாரையும் தெரியாது.

கீலைக் கேட்டீர்கள், பிடியைக் கேட்டீர்கள். ஒன்றைக் கேட்கவில்லை. அதை நானாகச் சொல்ல மாட்டேன்.

வியாகுலமேரி


கடலூர் ஓ.டி.
30-1-1966

செல்வி அம்மாவுக்கு,

உன் கடுதாசியை உபதேசியார் மூன்று தரம் படித்தார். நீ சொல்லாமல் விட்டது எது என்று நான் கண்டுபிடித்துவிட்டேன். கடைசியில் சொல்கிறேன்.

கீல் ஆறு, எல்லாம் பித்தளை. ஒரே மாதிரி ஆறு கிடைக்கவில்லை. கனமானது இரண்டு, லேசானது நாலு. சடையப்பன் கனமான இரண்டையும் ஒரே கதவுக்குப் போடப் பார்த்தான். "ஏன்டா, கதவு தொங்குறது மேல்கீல்லயா கீழ்க்கீல்லயா?" என்றேன். கதவுக்கு ஒரு கனமான கீல் மேலே, லேசானது இரண்டு கீழே. இப்போது இரண்டு கதவும் ஒரே மாதிரி நிற்கின்றன. அடுத்து அவன் பித்தளைக் கீலுக்கு இரும்பு ஸ்குரு எடுத்தான். கையைத் தட்டிவிட்டேன். இரண்டு மழைக்காலத்தில் ஸ்குருத் தலை கரைந்து போயிருக்கும். பித்தளை ஸ்குருவை நேரே முறுக்கினால் பலாமரத்தில் கழுத்து ஒடிந்துவிடும். முதலில் இரும்பு ஸ்குருவை விட்டு வழி பண்ணிக் கழற்றிவிட்டு, அதே வழியில் பித்தளையை மெழுகு தடவி ஏற்ற வேண்டும். மெழுகுக்கு உபதேசியார்தான் பீடத்துத் திரித்துண்டு கொடுத்தார்.

(எரிந்து முடிந்த துண்டுதான் கொடுத்தேன். — தை.)

பிடி நீ சொன்னபடியே. என் விரலை விட்டுப் பார்த்தேன், பிறகு குப்புவின் விரலை விடச் சொல்லிப் பார்த்தேன். உன் விரலுக்குச் சரியாக இருக்கும்.

இனி நீ விட்ட விஷயம். சாவி. அதைத்தானே சொல்ல மாட்டேன் என்றாய்? பழைய பூட்டு வேண்டாம் என்று கதவுக்குள்ளேயே பதிகிற பித்தளைப் பூட்டு வாங்கியிருக்கிறேன். அதன் சாவியை இந்தக் கவருக்குள் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். சாகும்போது என் அம்மா இடுப்பிலிருந்து அவிழ்த்து எனக்குக் கொடுத்தாளே, 1938-இல், சூசையப்பர் திருநாளுக்கு முந்தின நாள், அது மாதிரி இதை உனக்குக் கொடுக்கிறேன். ஒரு சாவிதான். வேறு யாரிடமும் கிடையாது. நீ வந்தால்தான் அலமாரி திறக்கும்.

மரியலூர்து, பெருவிரல்


சிதம்பரம்
6-2-1966

செல்வி அப்பாவுக்கு,

சாவியை அதே துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். தபால்காரர் கவரைக் குலுக்கிப் பார்த்து, "உள்ள என்னாம்மா?" என்றார். என் வீட்டுச் சாவி என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நேரில் பேசும்போது நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒரு தேதியைச் சொல்லி வாயை அடைத்துவிடுவீர்கள். கடிதத்தை உபதேசியார் முடிக்கும் வரை நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். உபதேசியாரே, நடுவில் அவர் குறுக்கே பேசினால் நிறுத்த வேண்டாம்.

ஜூலையில் அண்ணன் அந்தப் பலகையை இறக்கிவிட்டு, லாரி கிளம்புவதற்குள் ஒரு வாய் காப்பி என்று உட்கார்ந்தார். நீங்கள் துறைமுகத்துக்குப் போயிருந்தீர்கள். சாவி உங்கள் இடுப்பில். சர்க்கரை அலமாரிக்குள், வெல்லமும் அதே அலமாரிக்குள். குப்பு வீட்டில் கேட்கலாமா என்று வாசல் வரை போனேன். வீட்டுக்காரி தன் அண்ணனுக்குச் சர்க்கரை கேட்டு அடுத்த வீட்டில் நிற்பதா என்று திரும்பிவிட்டேன். வெறும் காப்பியைக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார். "என்னா வியாகுலம், மச்சான் வூட்ல இன்னும் தபசு காலம் முடியலியா?" என்றார். முழுவதையும் குடித்தார். அதுதான் அவர் நம் வீட்டில் குடித்த கடைசிக் காப்பி.

சாயங்காலம் உங்களிடம் சொன்னேன். "சொல்லியிருந்தா எடுத்து வச்சுட்டுப் போயிருப்பேன்ல" என்றீர்கள். அவ்வளவுதான். பத்தாம் நாள் செல்வியிடம் கிளம்பினேன்.

சாவியை என்னிடம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். என் இடுப்பில் சாவி இருந்தால் காப்பிக்கு நீங்கள் என்னிடம் வந்து நிற்பீர்கள். நான் நின்ற இடத்தில் உங்களை நிறுத்தி எனக்கு என்ன ஆகப்போகிறது? அலமாரியில் பூட்டு இருக்கும் வரை அந்த வீட்டில் ஒருவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

வியாகுலமேரி


கடலூர் ஓ.டி.
20-2-1966

செல்வி அம்மாவுக்கு,

உபதேசியார் இரண்டு வாரம் கழித்து எழுதலாம் என்றார். கோபத்தில் எழுதக்கூடாதாம். இரண்டு வாரம் ஆயிற்று, கோபம் அப்படியே இருக்கிறது. எழுதுங்கள் என்றேன்.

அந்தப் பூட்டு என் ஆசைக்குப் போட்டதா? என் அப்பாவுக்குக் கப்பல் வேலை இல்லாத வருஷம், வீட்டில் ஒன்பது பேர். அம்மா பூட்டி வைத்து, உள்ளங்கையில் அளந்து போட்டதால்தான் ஒன்பது பேரும் எழுந்து நடந்தோம். அவள் கொடுத்ததை நான் காப்பாற்றினேன். குடித்தேனா, சீட்டாடினேனா? நீ கேட்டு ஒரு நாளாவது இல்லையென்று சொன்னேனா? சொல்லியிருந்தால் தேதியைச் சொல், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். சர்க்கரை, சர்க்கரை என்கிறாயே, நீ சர்க்கரை தொடுகிறவளா? நம் கல்யாணம் 1932 ஜனவரி. பிப்ரவரி பத்தாம் தேதி விபூதிப் புதன். அன்றைக்கு நீ ஈஸ்டர் வரை நாற்பது நாள் தபசுக்குச் சர்க்கரையை விட்டாய். ஈஸ்டர் வந்தும் திரும்பத் தொடவில்லை. இன்று வரை வெறும் காப்பிதான். இந்த ஓ.டி. ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன், என் சம்சாரம் மாதிரி நேர்ச்சை காப்பாற்றினவள் கிடையாது என்று. சாமியாரிடமே சொல்லியிருக்கிறேன். நீ தொடாத சர்க்கரைக்கு என் மேல் எதற்குக் கோபம்?

பூட்டு இருக்கும். வருகிற புதன் விபூதி. நான் இந்த வருஷம் பீடியை விடுகிறேன்.

மரியலூர்து

(கடைசிப் பத்தியை எழுத வேண்டாமென்று கேட்டுப் பார்த்தேன். — தை.)


கடலூர் ஓ.டி.
15-3-1966

செல்வி அம்மாவுக்கு,

உன்னிடமிருந்து கடுதாசி இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்கிறேன். அவர் குப்பு வீட்டைத் தாண்டும்போதே தலையை ஆட்டிவிடுகிறார்.

இந்த மாசம் முதல் வாரம் காய்ச்சல். மூன்று நாள் பாயை விட்டு எழவில்லை. இரண்டாம் நாள் குப்பு கஞ்சி வைக்க வந்தாள். அரிசி வெளியே பானையில் இருந்தது. உப்பு அலமாரிக்குள். "மாமா, சாவி குடு" என்றாள். அரைஞாண் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். வியர்வையில் முடிச்சு இறுகியிருந்தது, வரவில்லை. அவள் கிட்டே வரத் தயங்கி எட்டி நின்றாள். "மாமா, சாவி" என்றாள் மறுபடி. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கஞ்சி வைக்கிற உப்புக்கு என்னிடமே கேட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள். நான் படுத்தபடி அவள் காலைத்தான் பார்த்தேன். ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். நீயும் அப்படித்தான் நிற்பாய். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் பார்த்திருக்கிறேன், ஞாபகம் வந்ததில்லை.

கடைசியில் அவள் அரிவாளால் கயிற்றை அறுத்தாள். "சாவிய புடிச்சிக்கினே சாவப் பாத்தியா மாமா?" என்று திட்டிவிட்டுப் போய் உப்பை எடுத்தாள்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் சடையப்பனைக் கூப்பிட்டுப் பூட்டைக் கழற்றச் சொன்னேன். "ஏன் பெரியவரே, போன மாசம்தான பதிச்சேன், வெளையாடுறீங்களா?" என்று குதித்தான். கழற்றியாயிற்று. உள்ளே பள்ளத்துக்குக் கட்டை அடைத்தான். வெளியே சாவித்துளை மட்டும் நடுவில் கண் மாதிரி தெரிந்தது. அதை மூட எதுவும் பொருந்தவில்லை. நீ வேண்டாமென்ற பித்தளைக் குமிழ்தான் பொருந்திற்று. ஆகவே ஒரு கதவில் பிடியும் இருக்கிறது, குமிழும் இருக்கிறது. பார்க்க நன்றாயில்லை.

பூட்டுக்குப் பதில் குண்டுக் கேட்ச். சின்னப் பித்தளைக் குண்டு, பின்னால் ஸ்பிரிங். கதவை மூடினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், இழுத்தால் விட்டுவிடும். ஒன்றுதான் கைக்கு வந்தது, அது வலது கதவுக்கு. இன்னொன்று வாங்க வருகிற செவ்வாய்க்கிழமை மஞ்சக்குப்பம் போகிறேன். திரும்ப மத்தியானம் ஆகும். வீட்டுச் சாவியைக் குப்புவிடம் கொடுத்துவிட்டுப் போவேன். சாவி என்றாலே இப்போது இடுப்பு அரிக்கிறது.

சாயங்காலம் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடுகிறேன். வீட்டில் வேறு சத்தம் இல்லை.

மரியலூர்து


சிதம்பரம்
24-3-1966

செல்வி அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமை நான் கடலூர் வந்திருந்தேன். குப்பு சொல்லியிருப்பாள். நீங்கள் இல்லாத நாள் பார்த்துத்தான் வந்தேன். நீங்கள் இருந்தால் ஒவ்வொரு ஸ்குருவுக்கும் கதை சொல்வீர்கள், நான் அலமாரியைப் பார்க்க முடியாது.

பார்த்தேன். கதவுகள் வழியை மறிக்கவில்லை. பிடியில் நாலு விரலும் போகிறது. குமிழ் அழகாக இல்லை. இருக்கட்டும். பலகையில் ஒரு மூலையில் அண்ணன் சாக்பீஸால் எழுதிய 'வி' இன்னும் அழியாமல் இருக்கிறது. சடையப்பன் அதை உள்பக்கம் வைத்துச் செய்திருக்கிறார். நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். அது என் பெயரின் முதல் எழுத்து.

பிறகு அடுப்பை மூட்டிக் காப்பி போட்டேன். கீழ்த்தட்டில் டப்பா இருந்தது. திறந்து இரண்டு கரண்டி சர்க்கரை எடுத்துப் போட்டேன். குப்பு வாயைப் பிளந்தாள். "என்னா அத்த, சக்கரயா போடுற? ஒனக்கு அது ஆவாதுன்னு மாமா சொல்லுமே!" தபசு காலத்தில் இப்படிச் செய்துவிட்டேன் என்று புதன்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் எத்தனை கரண்டி என்று கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தில் நேர்ச்சை என்று எழுதியிருந்தீர்கள். இவ்வளவு நாள் பதில் எழுதாதது அதனால்தான். இப்போது சொல்கிறேன்.

நான் விட்டது அந்த நாற்பது நாளுக்குத்தான். 1932 ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்தோம். உங்கள் அம்மா அலமாரியைத் திறந்து தம்ளர் தம்ளராகச் சர்க்கரை போட்டுக்கொண்டே வந்தார். ஏழாவது தம்ளர் என்னுடையது. அவர் கை அதைத் தாண்டிப் போய்விட்டது. வேண்டுமென்று இல்லை, பழக்கத்தில். கேட்டிருந்தால் போட்டிருப்பார். இரண்டு மாசத்து மருமகள், எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்றிருந்தேன். நாளைக்கு அலமாரி பூட்டியிருந்தது. ஒரு வாரம் போன பிறகு கேட்டால் இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்பார்கள். சாவி உங்கள் இடுப்புக்கு வந்தபோது நீங்களாக ஒரு நாள் கேட்பீர்கள் என்று நினைத்தேன். அதற்குள் நீங்கள் ஊரெல்லாம் என் நேர்ச்சையைச் சொல்லி முடித்திருந்தீர்கள்.

எனக்கு வெறும் காப்பி பிடிக்காது. ஒரு நாளும் பிடித்ததில்லை.

தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மத்தியான வண்டிக்கு வந்துவிட்டேன்.

வியாகுலமேரி


கடலூர் ஓ.டி.
30-3-1966

செல்வி அம்மாவுக்கு,

உபதேசியார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படிக்கச் சொன்னேன்.

அந்த ஈஸ்டர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மார்ச் இருபத்தேழு. விடிகாலையில் தூறல் போட்டது. அப்பா புது வேட்டி நனைந்ததென்று முணுமுணுத்தார். ஆட்டுக்கறி வாங்கினோம். பாட்டுப் பாடினவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. எல்லாம் இருக்கிறது. ஏழாவது தம்ளர் மட்டும் இல்லை. இரண்டு நாளாகத் தேடிப் பார்த்தேன். இல்லை.

அன்றைக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து வந்தபோது தம்ளர் கவிழ்ந்திருந்தது, அடியில் ஈரம் இருந்தது. குப்பு சொல்லும் முன்னாலேயே தெரிந்துவிட்டது. நான் எப்போதும் ஒற்றைத் தம்ளரை நிமிர்த்தித்தான் வைப்பேன்.

இடது கதவுக்கும் கேட்ச் போட்டாயிற்று. சர்க்கரை டப்பா நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. எவ்வளவு குறைந்தது என்று பார்க்கவில்லை. குப்பு எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்தாள், சொல்லாதே என்றேன்.

ஏப்ரல் பத்து ஈஸ்டர். வா என்று எழுதச் சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வந்தாயானால் உன் தம்ளரில் நான் சர்க்கரை போடமாட்டேன். நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். நீயே போட்டுக்கொள்.

மரியலூர்து


சிதம்பரம்
5-4-1966

செல்வி அப்பாவுக்கு,

கார்டில் அதிகம் எழுத முடியாது. பெரிய சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் வருகிறேன். பச்சைப் பெட்டியும் கூட வருகிறது, கனம். ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பங்கரையில் டக்கென்று சத்தம் கேட்டால் எழுந்து வரவேண்டாம். நான்தான்.

வியாகுலமேரி